விரித்தால் மேசை, மடித்தால் இடம்

தீவுப்பகுதியில் சமூகப்பணி செய்துவரும் காலத்தில் நான் நிரப்பிய குடும்ப விபரப் படிவங்களில் கூரை, கிணறு, மலசலகூடம், மின்சாரம் என்பவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கட்டம் இருந்தது. மேசைக்குக் கட்டம் இருக்கவில்லை. ஆயினும் படிவத்தை மூடி வைத்துவிட்டுப் பெண்களோடு ஆறுதலாகக் கதைக்கும்போது மேசைப் பேச்சு எப்படியோ வந்துவிடும். "பிள்ளை நிலத்திலை படுத்துக் கிடந்து எழுதுது", "துணி வெட்ட ஒரு பலகை இல்லை", "வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி வைக்க ஒரு ஸ்ரூல்கூட இல்லைப் பிள்ளை" என்று ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் ஒரே பேச்சைத்தான் கேட்டிருக்கிறேன்.

போருக்குப் பின்னர் வடக்குக் கிழக்கில் இந்திய உதவித் திட்டத்தில் கட்டப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி கொண்டவை. ஏனைய திட்டங்களில் கிடைத்தவையும் பெரியவையல்ல. அதற்குள் ஒரு பெரிய மேசையைப் போட்டால் பாய் விரிக்க இடமிராது. எனவே சுவரோரம் சிறிதாக நின்று, தேவைப்படும்போது விரிந்து பெரிதாகும் பக்க மேசைதான் எமது வீடுகளுக்குப் பொருத்தமானது. அதனைப் பழசாக வாங்குவதா, புதிதாக வாங்குவதா, வீட்டில் கிடக்கும் பழசை என்ன செய்வது என்பவை பற்றி இக்கட்டுரையில் பார்ப்போம்.

சொற்களே சொல்லும் கதை

மேசை என்பது தமிழ்ச் சொல் அல்ல. போர்த்துக்கேய மொழியில் 'மேசா'. கதிரை, அலுமாரி என்பனவும் அவர்களிடமிருந்து வந்தவையே. மேசைக்குள் இருக்கும் 'லாச்சி' ஒல்லாந்தர் தந்த சொல். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் ஆண்டனர். நெடுந்தீவுக்கு டெல்வ்ற், வேலணைக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லம் என்று தமது நாட்டு நகரங்களின் பெயரை வைத்தவர்களும் அவர்களே.

எமது வீடுகளில் 'ரீப்போ' என்று சொல்லும் சிறு மேசையைப் பலர் தேநீரோடு சேர்த்து நினைக்கின்றனர். அது இந்துஸ்தானியில் மூன்று கால் எனப் பொருள்படும் 'திபாய்' என்பதன் ஆங்கிலத் திரிபு. எமது 'முக்காலி'யின் பொருளும் அதுவே.

தீவுகளில் தளபாடத்துக்கு ஏற்ற பெருமரங்கள் குறைவு. பனையும் வேம்பும் பூவரசும்தான் அதிகம். முதிரையும் பாலையும் வன்னியிலிருந்து வரவேண்டும். பர்மாத் தேக்கு பாய்க்கப்பல்களில் வந்த காலம் ஒன்றிருந்தது. புங்குடுதீவு, காரைநகர், வேலணை போன்ற ஊர்களைச் சேர்ந்தோர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்தபோது, தச்சுவேலைக்குப் பெயர்பெற்ற மொறட்டுவையிலிருந்தும் தளபாடங்கள் இங்கு வந்து சேர்ந்தன. அவற்றுட் பல, பெண்களுக்குச் சீதனமாக வந்தவை. காணியும் நகையும் போல மேசையும் பெண்ணோடு வந்த சொத்தாகவே இருந்தது.

1990இலும் 1991இலும் தீவுப்பகுதியில் இடம்பெற்ற இராணுவ நடவடிக்கைகளின்போது ஆயிரக்கணக்கானோர் கையில் அகப்பட்டதோடு வெளியேறினர். மேசையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. திரும்பி வந்தவர்கள் கதவும் நிலையும் ஓடும் இல்லாத வீடுகளைக் கண்டனர். ஆகவே தீவுகளில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரு பழைய மேசை சாதாரணப் பொருள் அல்ல. அது எப்படியோ தப்பிய பொருள்.

விரியும் வகைகள்

விரியும் மேசைகளில் எமக்குப் பயன்படக்கூடியவை நான்கு வகை.

முதலாவது, இருபுறமும் பலகை தொங்கும் மேசை. பலகையை உயர்த்தி, படலை திறப்பதுபோல ஒரு காலை வெளியே இழுத்து அதற்குத் தாங்கல் கொடுப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இது பரவியது. சாப்பாடு முடிந்ததும் மடித்துச் சுவரோரம் தள்ளிவிட்டு அறையை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதே அதன் நோக்கம். எமது தேவையும் அதுவே.

இரண்டாவது, காலுக்குப் பதிலாகச் சட்டத்திலிருந்து வெளியே திரும்பும் சிறு மரக்கையால் பலகையைத் தாங்கும் மேசை. 18ஆம் நூற்றாண்டில் இது 'பெம்புறோக்' மேசை எனப் பெயர் பெற்றது. இலேசானது. பாரம் தாங்குவது குறைவு.

மூன்றாவது, மேற்பலகையின் கீழிருந்து இன்னொரு பலகையை லாச்சி இழுப்பதுபோல வெளியே இழுக்கும் மேசை. உறுதியானது. ஆனால் உப்புக்காற்றில் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதினால் இழுபடாமல் இறுகிவிடும்.

நான்காவது, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் அடுக்கு மேசைகள். இவை உண்மையில் விரிவதில்லை, பிரிகின்றன. தோமஸ் ஷெரட்டன் என்ற ஆங்கிலேயத் தளபாட வடிவமைப்பாளர் 1803இல் வெளியிட்ட அகராதியில் நான்கு மேசைத் தொகுதியைப் பற்றி எழுதியுள்ளார். எமது ஊர்களில் மூன்று மேசைத் தொகுதியே அதிகம். பிள்ளைகள் மூவர் இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு மேசையாகக் கொடுக்கலாம்.

அன்ரிக், விண்டேஜ், புதிது

விற்பவர்கள் கூறும் பெயர்களில் மயங்காதீர்கள். பொதுவாக 100 வருடத்துக்கு மேற்பட்டதையே அன்ரிக் என்பர். அதற்குக் குறைந்து, ஆனால் ஒரு காலத்தின் பாணியைக் காட்டும் பழசை விண்டேஜ் என்பர். அம்மம்மாவின் சீதன மேசை 1950களில் செய்யப்பட்டிருந்தால் அது விண்டேஜ். அதனால் அதன் பெறுமதி குறைந்துவிடாது. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றையே தொல்பொருள் என்கிறது. ஆகவே அந்த அளவு பழைய பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல அனுமதி வேண்டும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

உண்மையில் பழசா என்பதை அறிய மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். மேற்புறத்தை யாரும் மினுக்கலாம், அடிப்புறம் பொய் சொல்லாது. லாச்சியின் மூலையில் விரல் கோத்ததுபோல இணைத்த பற்கள் ஒன்றுக்கொன்று சற்று வித்தியாசமாக இருந்தால் அது கைவேலை. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இயந்திர வேலை. பலகையின் அடியில் வாள் வெட்டிய கோடுகள் வளைவாகத் தெரிந்தால் வட்டவாளால் அறுத்தது. நேர்க்கோடாகவும் ஒழுங்கற்றும் இருந்தால் கைவாளாக இருக்கலாம். வட்ட மேசையானால் நாடாவால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மரம் தன் நாரோட்டத்துக்குக் குறுக்காகச் சுருங்கும். ஆதலால் நெடுங்காலம் நின்ற வட்டப்பலகை மிகச் சிறிதளவு முட்டை வடிவாகியிருக்கும்.

மரத்தையும் அறிந்துகொள்ளுங்கள். முதிரை மஞ்சள் கலந்த மினுக்கமுடையது, கையில் கனக்கும். பாலை செந்நிறம் கலந்தது, அதுவும் கனமானது. பலா மஞ்சளாக இருந்து வருடம் போகப் போகத் தவிட்டு நிறமாகும். தேக்கில் எண்ணெய்த்தன்மை இருப்பதால் கறையான் இலகுவில் நாடாது. பனையில் வெளிப்புற வைரம் மட்டுமே உறுதியானது, உட்புறம் சோற்றியாக இருக்கும்.

புதியவற்றில் மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎப், சிப்போட் பலகைகளே அதிகம். பார்வைக்கு அழகு, விலையும் குறைவு. ஆனால் விளிம்பில் ஒட்டிய தாள் கழன்று ஈரம் உள்ளே போனால் ஊதி உதிர்ந்துவிடும். பிணைச்சல் பூட்டிய திருகாணியும் ஒருமுறை கழன்றால் அதே துளையில் மீண்டும் இறுகுவது கடினம். விரியும் மேசையில் பிணைச்சல்தான் உயிர் என்பதால் இது முக்கியம். கடற்கரைக்கு அண்மையில் உள்ளவர்கள் நல்ல பிளைவூட் அல்லது திண்ம மரத்தைத் தெரிவு செய்வது பொருத்தம். பிளாஸ்ரிக் மேசை கறையானுக்குப் பயமில்லை, கழுவலாம். ஆனால் முற்றத்து வெயிலில் நின்றால் சில வருடங்களில் வெடிக்கும்.

வாங்கமுன் செய்யவேண்டியவை

முதலில் வீட்டில் இடத்தை அளவுங்கள். மடித்த நிலையில் அல்ல, விரித்த நிலையில் அளவுங்கள். விரித்தபின் ஆள் நடக்க இரண்டரை அடியாவது மிஞ்ச வேண்டும். வாசற்படலையின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடையில் நாலைந்து தரமாவது விரித்து மடித்துப் பாருங்கள். விரித்த பலகை நடுப்பலகையோடு ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். ஒரு கோலிக்குண்டை வைத்தால் ஓடக்கூடாது. பின்னர் பலகையின் ஓரத்தில் கையூன்றி அழுத்துங்கள். மறுபக்கம் எழும்பினால் அந்த மேசை பிள்ளை சாயும்போது கவிழும். பிணைச்சல் இடுக்கில் சிறுபிள்ளையின் விரல் போகிறதா என்பதையும் பாருங்கள்.

இரும்புப் பிணைச்சல் உப்புக்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். பித்தளை அல்லது கறைபடாத உருக்கு நல்லது. மேசை நன்றாக இருந்து பிணைச்சல் மட்டும் கெட்டிருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். மாற்றுவது பெரிய வேலையல்ல.

சிறு துளைகள் இருந்தால் மேசையைத் தட்டிப் பாருங்கள். வெளிறிய புதுமா கொட்டினால் உளு இன்னும் உயிரோடு இருக்கிறது. துளையின் விளிம்பு கறுத்து, மா கொட்டாமல் இருந்தால் அது பழைய காயம்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுச் சகோதரிகளுக்கு இன்னொரு விடயம். நெடுந்தீவானால் குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்தில் ஏற்றி ஒரு மணித்தியாலம் கடலால் போகவேண்டும். காலைக் கழற்றக்கூடிய அல்லது தட்டையாக மடியக்கூடிய மேசையை வாங்கினால் ஏற்றுக்கூலியும் குறையும், அடிபடுவதும் குறையும். பழைய சேலையால் சுற்றி, பலகைகள் திறபடாமல் கயிற்றால் கட்டுங்கள். கடல்நீர் பட்டால் கரைக்கு வந்ததும் நல்லதண்ணீர்த் துணியால் துடைத்து நிழலில் உலர விடுங்கள். வெயிலில் காயவிட்டால் வெடிக்கும்.

போரில் கையையோ காலையோ இழந்தவர்கள் உள்ள வீடுகளில் தெரிவு வேறு. இழுத்துத் தாங்கல் கொடுக்கும் மேசையைத் திறக்கப் பெரும்பாலும் இரண்டு கை வேண்டும், பலகையை ஒரு கை பிடிக்க மற்றக் கை காலை இழுக்க வேண்டும். ஒரு கையால் வேலை செய்பவருக்கு லாச்சிபோல இழுபடும் வகை இலகு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேசையின் கீழ் 27 அங்குல உயரமும் 30 அங்குல அகலமும் வெறுமையாக இருக்கவேண்டும். நடுவில் கால்கள் குறுக்கிடும் மேசை முழங்காலில் முட்டும். அவரையே கடைக்கு அழைத்துச் சென்று பார்க்கச் சொல்லுங்கள். அவருக்காக நாம் தெரிவு செய்வதை விட அது மேல்.

தையல் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெசினை ஒருபோதும் தொங்கும் பலகையில் வைக்கவேண்டாம். அதிர்வில் பிணைச்சல் கழரும். மெசின் நடுப்பலகையில் இருக்கட்டும், விரித்த பலகையைத் துணி பரப்பப் பயன்படுத்துங்கள். ஊர்காவற்றுறையில் ஒரு சகோதரி இப்படித்தான் பாடசாலைச் சீருடை தைக்கிறார். இரவில் அதே மேசையை மடித்துவிட்டு அந்த இடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்குகின்றனர்.

விலை பேச வருபவர்கள்

வீட்டில் பழைய மேசை உள்ளவர்களிடம் வியாபாரிகள் தாமாகவே வருவதுண்டு. "உளுத்துப்போச்சு, விறகுக்குத்தான் ஆகும்" என்று சொல்லியபடியே விலை பேசுவார்கள். விறகுக்கு ஆகும் பொருளை வாங்க ஒருவர் வள்ளம் ஏறி வரமாட்டார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நெடுந்தீவில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் முதிரை மரத்தாலான இரண்டு பலகை மேசை இருந்தது. அவருடைய தாயின் சீதனம். மகளுக்கு நுண்கடன் தவணை முட்டியிருந்த நேரத்தில் ஒருவர் வந்து விலை கேட்டார். அம்மா என்னிடம், "வித்தா அம்மாவை வித்த மாதிரி இருக்கும் பிள்ளை. விக்காட்டி மகள் ஒவ்வொரு கிழமையும் ஒளிச்சுத் திரியிறாள்" என்றார். விற்கவேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. மேசையை அளந்து, அடிப்புறத்தையும் லாச்சியையும் படமெடுத்து, யாழ்ப்பாணத்தில் ஓர் ஓடாவிக்கும் இன்னொரு வியாபாரிக்கும் காட்டினோம். இரண்டாவது வியாபாரி கேட்ட விலை முதலாவதைப் போல இரண்டு மடங்கு. அம்மா நான்கு நாள் யோசித்து, விற்றார். கடன் அடைந்தது. மிஞ்சிய பணத்தில் பேரப்பிள்ளை படிக்க வேப்பமரத்தில் ஒரு மடிப்பு மேசை செய்வித்தார். வள்ளம் போகும்வரை அவர் துறைக்கு வரவில்லை. ஆனால் பின்னர், "தெரிஞ்சு வித்தனான், அது காணும்" என்றார்.

விற்பது குற்றமல்ல. விலை தெரியாமல் விற்பதுதான் நட்டம். முதல் நாளிலேயே சம்மதிக்காதீர்கள். இரண்டு விலையாவது கேளுங்கள். தனியே இருக்கும் பெண்கள் மாதர் சங்கத்திலிருந்து இருவரை அழைத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். பணத்தை எண்ணிக் கையில் வாங்கியபின் பொருளைக் கொடுங்கள்.

வைத்திருக்க முடிவு செய்தால் பழைய பொலிஷைச் சாண்ட் பேப்பரால் உரஞ்சவேண்டாம். அது அரக்குப் பொலிஷாக இருந்தால் ஸ்பிரிட்டிலும் கைகழுவும் சானிரைசரிலும் கரையும். மெல்லிய துணியால் துடைத்துத் தேன்மெழுகு பூசினால் போதும். சுடுகோப்பையின் கீழ் ஒரு துணியை வையுங்கள்.

எங்கள் மேசை இன்னொருவர் வீட்டில்

இது பலரும் வாய்விட்டுப் பேசாத விடயம். இடம்பெயர்ந்த காலத்தில் எடுக்கப்பட்ட பொருட்கள் கைமாறிக் கைமாறிச் சென்றன. வாங்கியவர்கள் பலர் அது யாருடையது என்று அறியாமலே வாங்கினர். அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான்.

வேலணையைச் சேர்ந்த ஒரு சகோதரி, அந்தியேட்டி வீடொன்றுக்குச் சென்றபோது சீலை விரித்த சிறு மேசையொன்றைக் கண்டார். சீலை விலகிய இடத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட அடையாளம். கொழும்பில் கடை வைத்திருந்த தகப்பன் கொண்டுவந்த மூன்று மேசைத் தொகுதியில் தான் சிறுமியாக இருந்தபோது சுட்ட அடையாளம் அது. இரண்டு வருடம் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் எமது குழுக்கூட்டத்தில் சொன்னார். பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண்ணும் அதே கூட்டத்தில் இருந்தார். அவர் எழுந்து, "அது எங்கடை வீட்டுக்கு லொறியிலை விக்க வந்தது அக்கா. எங்களுக்கும் அப்ப வீட்டிலை ஒண்டும் மிஞ்சேல்லை" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. மறுநாள் அவர் சிறிய மேசையைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். நடு மேசை அவரிடமே இருக்கட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். மூன்றாவது எங்கே என்று இருவருக்கும் தெரியாது.

எல்லா இடத்திலும் இப்படி முடியும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பழைய பொருள் வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்பது எமது கடமை. யாரிடம், எப்போது வாங்கினோம் என்பதை ஒரு துண்டில் எழுதி லாச்சிக்குள் ஒட்டி வையுங்கள். நாளை யாராவது தேடி வந்தால் எமது நேர்மைக்கு அது சாட்சி.

தவணைக்கு வாங்குவோர் கவனத்துக்கு

தவணை முறையில் தளபாடம் கொடுப்போர் வாசல்வரை வருகின்றனர். ஓர் உதாரணத்தைக் கணக்குப் பாருங்கள். காசுக்கு 24,000 ரூபாவான மேசை. முற்பணம் 4,000. மிகுதிக்கு மாதம் 2,500 வீதம் 12 மாதம். 12 தவணைக்கு 30,000. முற்பணத்தோடு 34,000. கடனாக நின்றது 20,000 மட்டுமே, அதற்கு மேலதிகமாகக் கொடுப்பது 10,000. மாதம் 2,500 என்று கேட்கும்போது சிறிதாகத் தெரிவதே இதிலுள்ள சிக்கல்.

நுண்கடனால் எமது பெண்கள் பட்ட பாடு யாவரும் அறிந்தது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை சென்றது. மேசைக்காகக் கடன்படாதீர்கள். சங்கத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து சீட்டுப் போட்டு, மாதம் ஒருவராக வாங்குங்கள். ஒரே ஓடாவியிடம் ஆறு மேசைக்குச் சேர்த்துச் சொன்னால் கூலியும் பேசிக் குறைக்கலாம், எமது ஊர்த் தொழிலாளிக்கும் வேலை கிடைக்கும். வீட்டில் நின்ற மரத்தை வெட்டிச் செய்விக்க நினைத்தால் முதலில் கிராம அலுவலரிடம் அனுமதி பற்றி விசாரியுங்கள். பனை போன்ற மரங்களை வெட்டவும், மரத்தை வாகனத்தில் கொண்டுசெல்லவும் அனுமதி தேவைப்படும்.

அன்புச் சகோதரிகளே, எந்த மேசை நல்லது என்று கேட்டால் எனது பதில் இதுதான். தாயின் மேசை வீட்டில் இருந்து, உறுதியாகவும் இருந்தால் அதைத் திருத்திப் பாவியுங்கள். இல்லாவிட்டால் நல்ல பிணைச்சலுள்ள ஒரு நடுப்பழசைத் தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஊர் ஓடாவியிடம் வேம்பிலோ பூவரசிலோ சிறிதாக ஒன்று செய்வியுங்கள். வாங்கிய பின் சாமி அறையில் சீலை போட்டு மூடி வைக்காதீர்கள். இன்று இரவே விரித்து, பிள்ளையின் கொப்பியை அதில் வையுங்கள். மறுபக்கத்தில் உங்களுக்கும் ஒரு கதிரையைப் போடுங்கள்.